சூரியன் வரும் சனிக்கிழமை

நவம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரு மதியம் இல்டா நூலகப் படியில் இறங்கி வந்தபோது, எதிர்மலையின் முதுகில் சூரியன் பாதி தெரிந்தது. அந்த வருடத்துக்கு அதுதான் கடைசி என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பஸ்ஸை விட்டுவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பாள்.

அதன்பிறகு நார்வேயின் வடகோடியிலுள்ள த்ரொம்ஸோ நகரில் பகல் என்று பெயருக்கு ஒரு நீல வெளிச்சம் வந்து போனதோடு சரி. இல்டா போர்ச்சுகல்காரி. எவோராவில் பிறந்தவள். கோடையில் சுவரைத் தொட்டால் கை சுடும் ஊர், கடல் வெகுதூரம். நிலவியல் படிக்க ஒரு வருடத்துக்கு இங்கே வந்திருந்தாள். முதல் பனி விழுந்த அன்று தெருவில் வாயைத் திறந்துகொண்டு ஓடியவள், ஜனவரியில் காலையா மாலையா என்று தெரியாமல் எழுந்து, பல் தேய்த்துவிட்டு, மறுபடியும் போர்வைக்குள் போகிறவளாகி விட்டாள். நகரத்துக்குச் சூரியன் திரும்பும் நாள் என்று எல்லோரும் கொண்டாடிய அன்று வானத்தை மேகம் மூடியிருந்தது. அடுத்த வாரமும் அப்படியே.

"உன் மூஞ்சியைப் பாத்தா செத்த வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்குடி," என்றாள் சிஸ்ஸல். பக்கத்து அறைக்காரி, ஆசிரியப் பயிற்சி மாணவி. இருவருக்கும் ஒரே சமையலறை. அன்று வெள்ளிக்கிழமை, சிஸ்ஸல் நின்றுகொண்டே ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்துக்கொண்டிருந்தாள். "லீவுக்கு எங்க ஊருக்கு வர்றியா? எங்க தீவுல தெக்குப் பக்கம் பெரிய மலை. அதனால எங்களுக்குச் சூரியன் லேட்டு. நாளைக்குத்தான் வரும். ஊரே திரண்டு நிக்கும். பன் குடுப்பாங்க."

"இப்பவே வர்றேன்," என்றாள் இல்டா.

"கோட்டாவது போட்டுக்கோ."

அரை வருடமாக ஒரே அடுப்பில் சமைத்தும் சிஸ்ஸல் தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இங்கத்துக்காரர்களே அப்படித்தான் என்று இல்டா நினைத்திருந்தாள். அன்று பிற்பகல் தீவுகளுக்குப் போகும் விசைப்படகில், ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியாத இருட்டில், சிஸ்ஸல் திடீரென்று வாயைத் திறந்தாள்.

"எங்கம்மா போயி ரெண்டு வருஷம் ஆச்சு. உன்கிட்ட சொல்லல."

இல்டா அவள் கையைப் பிடிக்கப் போனாள். சிஸ்ஸல் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"அதை விடு. எங்கப்பா இப்ப ஒருத்தியக் கொண்டுவந்து வீட்டுல வச்சிருக்கார். யோருன்னு பேரு. மீன் பதனிடுற ஆலையில வேலை. அதனாலதான் கிறிஸ்துமஸுக்கு நான் போகல. பரிட்சைன்னு சொல்லிட்டேன். இப்பவும் போகலைன்னா அவரே கிளம்பி வந்துடுவார். அதான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு நாளும் என் பக்கத்துலயே இரு. அவங்ககூட என்னைத் தனியா விட்டுடாத."

தன் வாடிய முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு அழைத்ததாக நினைத்திருந்த இல்டாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் படகு ஏறியாயிற்று. நடுவில் இறங்க முடியாது.

படகுத்துறையில் விளக்குக்கடியில் ஒருவர் நின்றிருந்தார். தோளும் வயிறும் ஒரே அகலம். சிஸ்ஸலைப் பார்த்ததும் கட்டிப் பிடித்து முதுகில் தட்டினார். அவள் மரம் போல நின்றாள். அவர்தான் அப்பா, ஓட்வார். பெட்டிகளை, பனியில் காலால் உந்தித் தள்ளும் ஒரு சறுக்குவண்டியில் ஏற்றிவிட்டு இல்டாவைத் தலை முதல் கால்வரை பார்த்தார்.

"இதுதான் போர்ச்சுகலா?"

"ஆமா," என்றாள் இல்டா.

"நான் பிடிக்கிற மீனையெல்லாம் தின்னு தீக்கிறது நீங்கதானா? பாத்தா அப்படித் தெரியலையே. ஒரு காத்தடிச்சா பறந்துடுவ போலிருக்கே கழுதை!"

இல்டா திகைத்துப்போய்ச் சிஸ்ஸலைப் பார்த்தாள்.

"பிடிச்சவங்களைத்தான் திட்டுவார்," என்றாள் சிஸ்ஸல். "மரியாதையாப் பேசினா அப்பப் பயப்படு."

வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்பின் சூடும் காபி மணமும் முகத்தில் அடித்தன. யோருன் குள்ளமான பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். "வாங்க வாங்க, குளிரா, படகு ஆடிச்சா, பசிக்குதா, ஷூவைக் கழட்டி அடுப்புகிட்ட வைங்க," என்று ஒரே மூச்சில் பேசினார். சிஸ்ஸல் நேரே சமையலறைக்குப் போய்க் காபி போட ஒரு இழுப்பறையைத் திறந்தாள். அதில் கரண்டிகள் இல்லை, மெழுகுவர்த்திகள் இருந்தன. அடுத்ததைத் திறந்தாள். அதில் துணிகள். யோருன் பின்னாலேயே வந்து, சத்தமில்லாமல் அடுப்போரத்து இழுப்பறையை இழுத்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். சிஸ்ஸல் கரண்டியை எடுக்கவில்லை. காபியும் போடவில்லை. பிறந்து வளர்ந்த வீட்டின் நடுவில், எங்கே உட்காருவது என்று பார்ப்பவளைப் போல நின்றாள்.

சாப்பாட்டுக்கு, அன்று மத்தியானம் பிடித்த காட் மீன். பெரிய பெரிய துண்டுகளாக வேகவைத்து, பக்கத்தில் அதன் ஈரலும் சினையும் உருளைக்கிழங்கும். இல்டா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பிடிக்கலையா?" என்று பதறினார் யோருன்.

"இல்ல... இது காட் மீன்தானா?"

"பின்ன? திமிங்கலமா?" என்றார் ஓட்வார்.

"எங்க ஊருல இது கருவாடாத்தான் வரும். கடையில பலகை மாதிரி அடுக்கியிருப்பாங்க. தட்டையா, முக்கோணமா, விறைச்சுப்போய். தலையே கிடையாது. அம்மா அதை ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊற வைப்பாங்க." இல்டா இங்கிலீஷும் நார்வே மொழியும் கலந்து, கையை விரித்துக் காட்டினாள். "சின்னப் பிள்ளையில அந்த மீன் கடல்லயே அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். தட்டையா, பட்டம் மாதிரி நீந்தும்னு."

ஓட்வார் மேசையில் ஓங்கி அறைந்தார். யோருன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "உப்போட நீந்துமா? உப்புப் பூசிக்கிட்டேவா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். சிஸ்ஸலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தவள், எதிரே யோருனும் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் சட்டென்று குனிந்து முள் எடுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் பதினொரு மணிவாக்கில் ஊரே பள்ளிக்கூட மேட்டில் கூடியது. குழந்தைகள் தலையில் மஞ்சள் காகிதக் கிரீடம் வைத்திருந்தார்கள். மலைக்கு மேலே வானம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஆனால் மலை உச்சியில் மேகம் கம்பளிபோல் படுத்துக் கிடந்தது. ஒரு டீச்சர் கைக்கடிகாரத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்ப... இப்ப வந்திருக்கும்," என்றாள். மேகத்தின் ஓரம் லேசாகச் சிவந்தமாதிரி இருந்தது, இல்லாமலும் இருந்தது. அவ்வளவுதான். குழந்தைகள் அதற்காகக் கவலைப்படவில்லை. பாட வேண்டியதைப் பாடினார்கள், குதித்தார்கள், பன்னுக்கு ஓடினார்கள்.

பெரிய தட்டுகளில் யோருன் கொண்டுவந்திருந்தார். உள்ளே ஜாம் வைத்துப் பொரித்து, சர்க்கரையில் புரட்டிய உருண்டை பன். ஒவ்வொரு வருடமும் ஊரில் இதைச் செய்வது ஒரு வீட்டின் பொறுப்பாக இருந்ததும், அது எந்த வீடு, யாருடைய கை என்பதும் இல்டாவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, வந்த சூரியனையும் பார்க்க முடியவில்லை, கால் விரல் மரத்துப்போயிருக்கிறது, கையில் சூடாக ஒரு பன் இருக்கிறது என்பதுதான். முதலாவதைத் தின்றாள். இரண்டாவதைத் தின்றாள். மூன்றாவதை எடுக்கும்போது நன்றி சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றி, படித்த மொழியையெல்லாம் திரட்டி, யோருனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"நீங்க ரொம்ப ருசியா இருக்கீங்க!"

சுற்றி நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். "ஓட்வார், கேட்டியா? ஜாக்கிரதையா இரு, போர்ச்சுகல்காரி கடிச்சிடப் போறா!" என்று ஒரு கிழவர் கத்தினார். "நீ வாயை மூடுறா கிழட்டு நண்டு!" என்று ஓட்வார் பதிலுக்குக் கத்தினார். யோருனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. வந்த நாளிலிருந்து அந்த ஊர் தன்னோடு சேர்ந்து சிரித்தது அன்றுதான் முதல் தடவையோ என்னவோ, அந்த அம்மாள் இல்டாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இல்டா திரும்பிப் பார்த்தபோது சிஸ்ஸல் அங்கே இல்லை.

படகுக் கொட்டகையில் இருந்தாள். கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து, பனியைக் காலால் உழப்பிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"எது?"

"அவ சுட்ட பன். மூணு தின்னல்ல?"

"சிஸ்ஸல்..."

"இருபது வருஷம் எங்கம்மா செஞ்சாங்க. முந்தின நாள் ராத்திரி வீடெல்லாம் எண்ணெய் வாசனையா இருக்கும். நாங்க தூங்கவே மாட்டோம். இப்ப இவ வந்து அதே தட்டுல, அதே தட்டுலடி, எடுத்துட்டு வந்து நிக்கிறா. ஊரே வாங்கித் தின்னுது. நீயும் தின்னுட்டு ருசியா இருக்குங்கிற."

இல்டாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "எனக்கு என்ன தெரியும்? நீ ஏதாவது சொன்னியா? அரை வருஷமா ஒரே சமையலறையில இருக்கோம். அம்மா இல்லைங்கிறதையே நேத்துதான் சொன்ன. என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்த? உனக்கும் அவங்களுக்கும் நடுவுல சுவரா நிக்கவா? சுவருக்குப் பசிக்காதா?"

சொல்லியதும் வருத்தப்பட்டாள். ஆனால் சிஸ்ஸல் அழவும் இல்லை, திருப்பித் திட்டவும் இல்லை. "குளிருது, வா போகலாம்," என்றாள். அன்று மாலை சீட்டாடினார்கள். ஓட்வார் இரண்டு தடவை பேச்சை எடுத்துப் பார்த்துவிட்டு வானொலியில் கடல்நிலை அறிக்கை கேட்கப் போய்விட்டார்.

குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை விசைப்படகு அந்தத் தீவுக்கு வராது. பெரிய தீவின் துறைக்குப் போய்த்தான் பிடிக்க வேண்டும். "நானே கொண்டுபோய் விடுறேன்," என்று ஓட்வார் தன் மீன்பிடி படகைக் கிளப்பினார். யோருன் துறைவரை வந்து, இல்டாவின் கையில் ஒரு காகிதப் பையைத் திணித்தார். சிஸ்ஸலிடம் கையை நீட்டலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் கையுறையை மட்டும் சரிசெய்துகொண்டார். "பத்திரம்," என்றார். சிஸ்ஸல் தலையசைத்தாள்.

படகு துறையைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பவேண்டும். ஓட்வார் வலப்பக்கம் திருப்பினார்.

"எங்க போற, அப்பா?"

"ஒரு வேலை இருக்கு. நேரம் கிடக்கு."

மலையைச் சுற்றிக்கொண்டு படகு வெளிக்கடலுக்குப் போயிற்று. அலை பெரிதாகியது. இல்டா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முந்தின நாள் தின்றது வெளியே வந்துவிடக்கூடாதே என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மலை பின்னால் ஒதுங்கியபோது தெற்கே மேகம் கீழ்ப்பக்கம் கிழிந்திருந்தது தெரிந்தது. கடலுக்கும் மேகத்துக்கும் நடுவே ஒரு கீற்று. ஓட்வார் என்ஜினை அடக்கினார். கைத்தூண்டிலைக் கடலில் விட்டுவிட்டுப் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டார். அவர் மீனைக்கூடக் கவனிக்கவில்லை, சும்மா காத்திருந்தார்.

முதலில் தண்ணீர்தான் நிறம் மாறியது. அப்புறம் அந்தக் கீற்றில் சிவப்பாக ஒரு ஓரம் எழும்பியது. பிறகு பாதி. படகின் தளம், கயிறு, ஓட்வாரின் நரைத்த தாடி, சிஸ்ஸலின் கன்னம் எல்லாவற்றிலும் வெளிச்சம் பட்டது. படகுத் தளத்தில் தன் நிழல் நீளமாகக் கிடப்பதை இல்டா பார்த்தாள். நிழல் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோயிருந்தாள். வெட்கமில்லாமல் அழுதாள்.

சிஸ்ஸல் சூரியனைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஆச்சரியமாவே இல்லையா?"

"இது போன வாரமே வந்துடுச்சு," என்றார் ஓட்வார். "இங்க வெளியில மலை ஏது மறைக்க? வருஷா வருஷம் நான் இதை ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே பாத்துடுவேன்."

"அப்ப பள்ளிக்கூட மேட்டுல? என்னைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு, 'அதோ பாரு, அதோ பாரு'ன்னு கத்துவியே? தொப்பியைத் தூக்கி எறிவியே? ஒரு வருஷம் அழக்கூடச் செஞ்சியே!"

"கண்ணுல தூசி விழுந்துச்சு."

"அப்பா!"

ஓட்வார் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ பொறந்து மறு வருஷம். நான் கடல்லேந்து வந்து, 'இன்னிக்குச் சூரியனைப் பாத்துட்டேன்'னு வாசல்லயே கத்தினேன். உங்கம்மா என் வாயைப் பொத்தினா. 'பாத்தேன்னு சொல்லாதே. நீ சொல்லிட்டா வீட்டுக்குள்ள வந்த மாதிரி ஆயிடும், அப்புறம் பிள்ளைக்கு என்ன இருக்கு? எங்களோட நின்னு, எங்களோட பாரு'ன்னா. அப்புறம் சொன்னதே இல்லை. ஆனா வீட்டுக்குள்ள வந்ததும் அவ என் முகத்தைப் பாப்பா. நான் இப்படி ஒரு புருவத்தைத் தூக்குவேன். அவளுக்குப் புரிஞ்சுடும். அன்னிக்கு முழுக்க ரெண்டு பேரும் திருட்டுச் சிரிப்பு சிரிச்சுக்கிட்டே இருப்போம். நீ எதுக்குன்னு கேப்ப."

வெளிக்கடலில் சூரியன் முன்னாடியே வரும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்குதான். சிஸ்ஸலுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கணக்கில் அப்பாவை அவள் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

"யோருனுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது. சொல்லவும் மாட்டேன். அது உங்கம்மாவுக்கும் எனக்கும் உள்ளது." அவர் எச்சிலைக் கடலில் துப்பினார். "போன வாரம் பாத்துட்டு வீட்டுக்குப் போனேன். புருவத்தைத் தூக்க ஆள் இல்லை. அதான் உனக்குச் சொல்லலாம்னு. இந்தப் போர்ச்சுகல்காரியும் கேட்டுட்டா, போகட்டும், அவளுக்குத்தான் பாதி புரிஞ்சிருக்காதே."

"எல்லாம் புரிஞ்சுது," என்றாள் இல்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அப்ப வாயை மூடிட்டு இரு."

சிஸ்ஸல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அப்பாவின் எண்ணெய்ப் பிசுக்குக் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத் தூண்டில் கயிறு வெடுக்கென்று இழுத்தது. ஓட்வார் ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிற்றைச் சுற்றினார். கைநீள காட் மீன் ஒன்று மேலே வந்து, தாடையில் ஒற்றை மீசையோடு, தளத்தில் துள்ளியது.

"பிடி! உன் பட்டம் வந்துடுச்சு!" என்று கத்தினார்.

இல்டா அதைக் கட்டிப் பிடித்துத் தூக்கினாள். அது அவள் முகத்தில் வாலால் ஒரு அறை அறைந்துவிட்டு வழுக்கி விழுந்தது.

பெரிய தீவின் துறை நெருங்கும்போது சிஸ்ஸல் இல்டாவின் மடியிலிருந்த காகிதப் பையை எடுத்தாள். ஒரு பன்னை எடுத்துப் பாதி தின்றாள். மென்றபடி கொஞ்சம் யோசித்தாள்.

"எங்கம்மா ஏலக்காய் போடுவாங்க," என்றாள். மீதிப் பாதியையும் தின்றாள்.

நகரத்துக்குத் திரும்பும் வழியெல்லாம், பிறகு விடுதி மேட்டில் பனியில் வழுக்கி வழுக்கி ஏறும்போதும், சிஸ்ஸல் தன் அம்மாவைப் பற்றியே பேசினாள். அவர் பாடும்போது சுருதி சேராது என்பது, பூனையை நாயின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்பது, கடைசி மாதங்களில் ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னது. மறுநாள் இல்டாவுக்குத் தேர்வு இருந்தது. ஒன்றும் படிக்கவில்லை. தோற்றுப்போனாள், மே மாதம் மறுபடி எழுதித் தேறினாள்.

அந்தக் கோடையில் ஊர் திரும்பியவள் அதன்பிறகு எவ்வளவோ பார்த்துவிட்டாள். வேலை, கல்யாணம், ஒரு மகள். சிஸ்ஸலோடு முதலில் நீண்ட கடிதங்கள், பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து, பிறகு எப்போதாவது தொலைபேசி என்று ஆயிற்று. ஓட்வார் யோருனைக் கல்யாணம் செய்துகொண்டார். சிஸ்ஸல் போய் நடனமாடிவிட்டு வந்ததாகச் சொன்னாள். ஓட்வார் இறந்த செய்தி வந்த அன்று இல்டா அலுவலகத்திலிருந்து சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் என்று கணவரிடம் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு ஜூன் மாதம் குடும்பத்தோடு அந்தத் தீவுக்கே போனாள். பள்ளி விடுமுறை அப்போதுதான் கிடைத்தது. "ஜூன்லயா போற? பைத்தியமே," என்று தொலைபேசியில் சிரித்தாள் சிஸ்ஸல். அவள் இப்போது தெற்கே வேறு ஊரில் தலைமையாசிரியை.

மலை பாதிவரை பச்சையாக இருந்தது. சூரியன் இறங்கவே இல்லை. மகள் தூக்கம் வரவில்லை என்று சிணுங்கினாள். யோருன் ரொம்பத் தளர்ந்திருந்தார். இல்டாவின் கன்னத்தை மட்டும் பழையபடி பிடித்துக்கொண்டார். பேச இருவருக்கும் மொழி போதவில்லை. படகுக் கொட்டகைக்குப் புதிதாகச் சாயம் பூசியிருந்தார்கள். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. இல்டா ஊரை இரண்டு முறை சுற்றி வந்தாள். எல்லாம் இருந்தது, எங்கும் வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. அவள் தேடி வந்த இடம் மட்டும் அங்கே இல்லை.

படகுத்துறையில் கணவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "நீ இவ்வளவு வருஷமா சொல்லிக்கிட்டிருந்த ஊரு இதுதானா? நல்லாத்தான் இருக்கு," என்றார், கொஞ்சம் தயங்கி.

"இதேதான்," என்றாள் இல்டா. "ஆனா நீ இருட்டுல வந்திருக்கணும்."